மண்சட்டி வைத்த இடம்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் சனசமூக நிலையத் தலைவர் சண்முகநாதன் அண்ணை, மாரி தொடங்குவதற்கு முன்னர் ஒருநாள், என் வீட்டுக் கேற்றடியில் சைக்கிளை நிற்பாட்டி, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், புயல் வெள்ளம் வந்தா வீட்டிலை என்னென்ன ஆயத்தம் செய்து வைச்சிருக்கவேணும் எண்டு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தாங்கோ. ஒரு பக்கத்துக்குள்ளை அடக்கவேணும். எங்கடை சனம் மற்றப் பக்கம் பிரட்டாது."

நான் தமிழ் படிப்பித்தவள், புயலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"தெரிஞ்சவையள் எழுதினா ஒருத்தருக்கும் விளங்காது" என்றார். இது பாராட்டா, ஏச்சா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஆள் சந்தி கடந்து போய்விட்டார்.

அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினேன். கீழே இருப்பது அந்த முதல் பிரதி.

மின்சாரம் தடைப்பட்டால் மோட்டர் ஓடாது. மோட்டர் ஓடாவிட்டால் தாங்கியில் தண்ணீர் ஏறாது. ஆகவே பீப்பாக்களையும் குடங்களையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கவும். கிணற்றில் கப்பி, கயிறு, வாளி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். (மோட்டர் பூட்டிய சந்தோசத்தில் கப்பியைக் கழற்றி எறிந்தவர்கள் இந்த இடத்தில் தலையைச் சொறியலாம்.) கைத்தொலைபேசிகளைச் சாச் பண்ணி வைக்கவும். நெருப்புப்பெட்டியை மூடியுள்ள போத்தலுக்குள் போட்டு வைக்கவும். மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருந்துகளைப் பாதுகாப்பான இடத்தில்

இந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. பாதுகாப்பான இடம் என்று எழுதுவது சுலபம். அது எந்த இடம்? அலுமாரிக்கு மேலா, கட்டிலுக்குக் கீழா? எங்கள் ஊரில் இதை இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். இரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேரிலும் பிழை இருக்காது. துண்டுப்பிரசுரம் எழுத உட்கார்ந்தவளுக்கு அங்கேதான் இந்தக் கதை கால் தடக்கியது.

2.

தொடக்கம் ஒன்று: "வானம் கறுத்திருந்தது." வேண்டாம். கார்த்திகை மாதத்தில் வானம் கறுக்காமல் வேறு என்ன செய்யும்?

தொடக்கம் இரண்டு: "மனித வாழ்வு நிச்சயமற்றது என்பதை" இதுவும் வேண்டாம். இது மரணச்சடங்கில் அச்சடித்து வாசிக்கிற கல்வெட்டுப்போல இருக்கிறது. ஒருவரும் சாகவில்லை. இன்னும்.

தொடக்கம் மூன்று: தொண்டைமானாற்றில், கடனீரேரிப் பக்கம் பார்த்த வீட்டில், கமலாவதி விடியவே தண்ணீர் பிடிக்கத் தொடங்கிவிட்டாள்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

றேடியோவில் புயல் என்று சொன்னவுடனேயே பீப்பா நிரம்பியது. பிறகு குடங்கள், பிறகு வாளிகள், பிறகு தோசைமா கரைக்கிற பெரிய பாத்திரம். கனகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அதிலும் தண்ணீர் இருந்தது என்று பிறகு சொல்லித் திரிந்தார். அது அவருடைய புழுகு. கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். புழுகாமல் ஒரு கோப்பை தேத்தண்ணிகூட அவருக்கு இறங்காது. சீனி வருத்தக்காரர். காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி.

(கமலாவதிக்கு "தொடங்கிவிட்டாள்", அவருக்கு "சொல்லித் திரிந்தார்" என்று ஏன் எழுதுகிறேன் என்று யாராவது கேட்கத்தான் போகிறீர்கள். கமலாவதிக்கு மிகக் கிட்டத்தில் நிற்கிறேன். வேறு காரணம் இல்லை.)

வீட்டில் மூன்றாவது ஆள் மருமகள் தயாளினி. மகன் செந்தூரன் தகப்பன் வழியில் கப்பலுக்குப் போய்விட்டான். இப்போது எந்தக் கடலில் நிற்கிறான் என்று வீட்டுக்கே தெரியாது. அதனால் அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

மாமிக்கும் மருமகளுக்கும் பகை ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் என் முதல் பிரதியில் தயாளினியை ஒரு வாய்க்காரியாக எழுதியிருந்தேன். கதைக்குச் சுவை வரும் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் தாண்ட முன்னரே பொய் தெரிந்துவிட்டது, கிழித்துவிட்டேன். தயாளினி அதிகம் கதைக்காத பிள்ளை. மீன் வெட்டினால் முள்ளைத் தனியே எடுத்து மாமாவின் தட்டில் வைக்கிற பிள்ளை. இரண்டு பெண்களுக்கும் இடையில் இருந்தது ஒரேயொரு இழுபறிதான். கமலாவதி எந்தச் சாமானையும் கீழே வைப்பாள். தயாளினி அதை எடுத்து மேலே வைப்பாள்.

நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, அரிசிப் பேணி, அடையாள அட்டைகளும் வீட்டு உறுதிப் பத்திரமும் போட்ட பை. காலையில் அடுப்புத் தட்டுக்குக் கீழே இருந்தது மத்தியானம் அலுமாரிக்கு மேலே இருக்கும். பின்னேரம் மறுபடி கீழே.

"எங்கடை வீட்டு நெருப்புப்பெட்டிக்கு ஒவ்வொரு நாளும் திருவிழா" என்பார் கனகலிங்கம். "காலமை கீழ் வீதி, மத்தியானம் மேல் வீதி. கொடியேத்தம் மட்டும்தான் இன்னும் நடக்கேல்லை."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஏன் அப்படி வைக்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை.

3.

கறன்ற் போனது மத்தியானம், சோறு வடிக்கிற நேரம். காற்று கிழக்கிலிருந்து மாறி அடிக்கத் தொடங்கியிருந்தது.

ஃபிரிட்ஜ் நின்ற சத்தத்தை முதலில் கேட்டவள் கமலாவதிதான். உடனே இன்சுலின் போத்தலை எடுத்தாள். கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த முறை அவளுக்குக் கைவந்தது: மண்சட்டியில் ஈர மணல், மணலுக்கு நடுவில் மூடி இறுக்கிய ஜாம் போத்தல், அதற்குள் மருந்தும் ஊசிகளும். சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினி மூலைக்குப் போனாள். அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய சீமெந்துத் தட்டு ஒன்று. அதற்குக் கீழே, உள்ளே தள்ளி வைத்தாள்.

தயாளினி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, உதை அலுமாரிக்கு மேலை வைப்பமே?"

"மேலை வைச்சா விழுந்து உடையும்."

"கீழை வைச்சா தண்ணி வந்தா எடுபடும்."

"இந்தக் குசினிக்குள்ளை ஒருநாளும் தண்ணி வந்ததில்லை, பிள்ளை."

"வாற வரைக்கும் எங்கடை வீட்டுக்கும் ஒருநாளும் வந்ததில்லை, மாமி."

கமலாவதிக்குச் சுரீர் என்றது. விடியத் தொடங்கி ஓயாமல் ஓடிய களை, காற்றின் சத்தம், பின்னேர ஊசி நேரம் வருகிறதே என்ற பதற்றம் எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"எத்தினை சண்டைக்குள்ளாலை இந்த வீட்டை நான் கொண்டுவந்தனான் எண்டு உனக்குத் தெரியுமே? எனக்கு நீ சொல்லித் தாறியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, மாமி" என்றாள் தயாளினி. முகம் சின்னதாகிப் போனது. அறைக்குள் போய்விட்டாள்.

சொன்ன வார்த்தை வாயை விட்டுப் போனவுடனேயே கமலாவதிக்கு மனம் சுட்டது. ஆனாலும் பின்னால் போய்க் கூப்பிடவில்லை. பிறகு கதைக்கலாம் என்று நினைத்தாள். புயல் நாளில் ஆயிரம் வேலை.

(இந்த இடத்தில் கதையை நிற்பாட்டி, இருவரும் சொல்லிக்கொள்ளாத இரண்டு விசயங்களை உங்களுக்குச் சொல்கிறேன். இது முறையல்ல. கதைக்காரி எல்லாவற்றையும் காட்டவேண்டும், சொல்லக்கூடாது என்பார்கள். கறன்ற் இல்லாத வீட்டில் எதைக் காட்டுவது?

ஒன்று. செல் அடித்த காலத்தில், பங்கருக்கு ஓட நேரம் இல்லாத நாட்களில், கமலாவதி கைக்குழந்தையான செந்தூரனை அந்தச் சீமெந்துத் தட்டுக்குக் கீழேதான் கிடத்தினாள். கூரை ஓடு சிதறி விழுந்த அன்றும் பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் கைக்குப் பாதுகாப்பு என்றால் அந்த மூலை. அவள் யோசித்து வைப்பதில்லை, கை தானாகப் போகும்.

இரண்டு. தயாளினி உடுத்துறைப் பிள்ளை. சுனாமியில் கடல் எழும்பி வந்தபோது சின்னப் பிள்ளை. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, தாய் பையை எடுத்துக்கொண்டு வாறன் என்று வீட்டுக்குள் திரும்பிப் போனார். வரவில்லை. இதைக் கலியாணம் செய்து வந்த புதிதில் மீன் துப்புரவாக்கும்போது ஒரேயொரு தரம் மாமிக்குச் சொல்லியிருக்கிறாள். கேட்டால் பிள்ளை அழும் என்று கமலாவதி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பை எங்கே இருந்தது என்பதும் தெரிந்திருக்கும். கட்டிலுக்குக் கீழே இருந்தது.)

4.

தண்ணீர் வாசலால் வரவில்லை. குளிக்கிற இடத்துக் கழிவுத்தண்ணீர் போகிற பீலியால் வந்தது. கமலாவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் குசினி நிலம் பளபளத்துக்கொண்டிருந்தது. பீப்பா கவிழ்ந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். பீப்பா அப்படியே நின்றது. முற்றத்துக்கும் கடனீரேரிக்கும் நடுவில் இருந்த வேலி இப்போது தண்ணீருக்குள் நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்; சட்டி மூலையில் பத்திரம், கடைசியாக எடுக்கலாம் என்று நினைத்தாள். ஒழுங்கையில் ஒரு ரக்டர் வந்து நின்றது. பள்ளிக்கூடத்துக்குச் சனத்தை ஏற்றுகிற ரக்டர்.

"கெதியா வாங்கோ! இனி ஒருக்கா உள்ளுக்கை வரேலாது. இதுதான் கடைசி!" சாரதி கத்தினான்.

கனகலிங்கத்தைத் தயாளினி தோளில் தாங்கிக்கொண்டு போனாள். இடுப்பளவு தண்ணீரில் அவர் ஏதோ கப்பல் கதை சொல்லிக்கொண்டு போனது கமலாவதிக்குக் கேட்டது. பையும் போன்களும் தயாளினியின் மற்றக் கையில். கமலாவதி கதவுகளைச் சாத்திவிட்டு, கடைசியாக, சட்டியை எடுக்கக் குசினிக்குள் வந்தாள்.

குசினிக்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கலங்கல். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, சீமெந்துத் தட்டுக்குக் கீழே கையை விட்டாள். வைத்த இடத்தில் தடவினாள்.

சட்டி இல்லை.

இன்னும் உள்ளே தடவினாள். அகப்பை ஒன்று வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. சட்டி வரவில்லை.

தண்ணீர் அதை வேறு மூலைக்கு உருட்டியிருக்கலாம். அல்லது, தான் பார்க்காத நேரத்தில், பிள்ளை வந்து எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் ரக்டரில் அவளோடு இருக்கும். அல்லது இந்த வீட்டிலேயே எங்கேயோ மேலே இருக்கும். ஏசியது ஏசியதுதான், எடுத்திருந்தாலும் வந்து சொல்லியிருக்கமாட்டாள். சொல்லாததற்கு அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஜன்னலால் பார்த்தாள். தூரத்தில், ரக்டர்ப் பெட்டியில், மழைக்குள் தயாளினி எழும்பி நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தாள். வாங்கோ, வாங்கோ. என்னட்டை இருக்கு வாங்கோ என்கிறாளா? அது கிடக்கட்டும் வாங்கோ என்கிறாளா? கை ஒன்றுதான் தெரிந்தது.

5.

இனி உங்கள் கேள்விகள். எனக்கு வாசகர்களைத் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை மேய்த்தவள்.

கூப்பிட்டுக் கேட்கலாமே? கூப்பிட்டாள். ரக்டர் இயந்திரம், காற்று, மழை. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாமே? போனால் வரமுடியாது. சாரதி சொன்னதை நான் வீணாக எழுதவில்லை.

அலுமாரிக்கு மேலே பார்க்கவேண்டியதுதானே? பார்த்தாள். இல்லை. கூரை வளை இருக்கிறது, சாமித்தட்டு இருக்கிறது, அறையில் தயாளினியின் பெரிய பெட்டி இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கத் தண்ணீர் விடுமா?

பள்ளிக்கூடத்தில் மருந்து கிடைக்காதா? கிடைக்கும், பாதை திறந்தபிறகு. தெரிந்த டொக்டர் ஒருவரிடம் கேட்டேன். "ஒருநேர ஊசி தவறினா உடனை ஒண்டும் நடக்காது, ரீச்சர். அடுத்தடுத்துத் தவறினா எங்களுக்கும் கஷ்டம்" என்றார். எத்தனை ஊசி தவறும் வரைக்கும் வெள்ளம் நிற்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெள்ளத்துக்குள் மருந்து பழுதாகியிருக்காதா? இறுக்கி மூடிய போத்தல். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் ஆளைக் கொல்லும்.

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மறைக்காமல் வைக்கிறேன்.

முடிவு அ: கமலாவதி வெறுங்கையோடு போகிறாள். ரக்டரில் ஏறியவுடன் தயாளினி சீலை மடிப்பை விலக்கிக் காட்டுகிறாள். உள்ளே சட்டி. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கனகலிங்கம் ஒரு பகிடி விடுகிறார். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ரக்டர் பெட்டிக்குள் நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை.

முடிவு ஆ: கமலாவதி வெறுங்கையோடு போகிறாள். "சட்டி?" என்கிறாள். "நீங்கள் எடுக்கத்தானே உள்ளுக்கை போனனீங்கள், மாமி?" என்கிறாள் தயாளினி. ரக்டர் வெளிக்கிட்டுவிட்டது. வெள்ளம் வடிந்து வீடு திரும்பும்போது சட்டி கூரை வளைக்குப் பக்கத்தில், ஈரமே படாமல், பத்திரமாக இருக்கிறது. வீடு திரும்புவது இரண்டு பேர் மட்டும்.

இதை எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. கனகலிங்கத்தின் புழுகுகளை நான்தான் உண்டாக்கினேன். அவரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முடிவு இ: கமலாவதி வெளியே போகவில்லை. தடவிக்கொண்டே நிற்கிறாள். ரக்டரில் நிற்கிற பிள்ளை ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு தாய் சாமான் எடுக்க உள்ளே போன வாசல். அவளுக்கு இது இரண்டாம் தரம்.

இதை எழுத முடியவில்லை. அரைவாசியில் விட்டுவிட்டேன். ஆனால் அதை எழுதும்போது ஒன்று நடந்தது: குனிந்து நின்ற கமலாவதிக்கும் அது நினைவு வந்துவிட்டது. மீன் வெட்டிக்கொண்டு பிள்ளை சொன்னது. அம்மா பை எடுக்கப் போனவ. அவளுடைய கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. புருசனுடைய மருந்து ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் கண் மற்றப் பக்கம். நான் எழுதாமலே அவளுக்கு அது விளங்கிவிட்டது. இனி அவளை எந்தப் பக்கம் தள்ளுவதும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

7.

சண்முகநாதன் அண்ணை துண்டுப்பிரசுரம் கேட்டு வந்தார். எழுதியதை அப்படியே நீட்டினேன். விறாந்தைக் கதிரையில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கடைசிவரை வாசித்தார்.

"இது ஒரு பக்கத்துக்குள்ளை இல்லை, ரீச்சர்."

"ஓம்."

"முடிவும் இல்லை."

"அண்ணை, கறன்ற் போனா உங்கடை வீட்டிலை ரோச் எங்கை இருக்கு?"

"அதென்ன கேள்வி? சாமியறைக் கதவுக்குப் பின்னாலை, ஆணியிலை. வருசக்கணக்கா அங்கைதான்."

அவருக்கு முன்னாலேயே அவருடைய மனைவி செல்வநாயகி அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன்.

"ரோச்சோ? குசினி மேசை லாச்சிக்குள்ளை, ரீச்சர். கதவிலை தொங்கினது பற்றறி ஊத்திப்போச்சு. எப்பவோ எறிஞ்சாச்சு."

"எறிஞ்சதை எனக்குச் சொல்லேல்லையே!" என்றார் அண்ணை, போனைப் பார்த்து.

"நீங்கள் கேக்கேல்லையே" என்றது போன்.

அண்ணை தாள்களை மடித்து சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். திரும்ப வெளியே எடுத்தார். கடைசித் தாளை மறுபடி பார்த்தார்.

"உந்தப் பெட்டை சட்டியை எடுத்தவளோ, இல்லையோ?"

"எனக்குத் தெரியாது, அண்ணை."

"எழுதினது நீங்கள்!"

"ஓம். எண்டாலும் தெரியாது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வழக்கம்போலச் சந்திக்குப் போகவில்லை. நேரே தன் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

8.

அவர் கேட்டது நியாயம். முடிவு வேண்டும். ஆனால் அது என்னிடம் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது.

இதை வைத்துவிட்டு எழும்புங்கள். உங்களோடு ஒரே கூரைக்குள் இருக்கிற மற்ற ஆளிடம் போங்கள். மாமியாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், காலையிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்காதவராகவும் இருக்கலாம். (தனியே இருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டுங்கள். உங்கள் மருந்து எங்கே என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.) ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அவசரத்துக்கு எடுக்கவேண்டியது எங்கே இருக்கிறது? அது ரோச்சாக இருக்கலாம், வீட்டு உறுதியாக இருக்கலாம், ஊசியாக இருக்கலாம்.

நீங்கள் மனதில் நினைத்த இடத்தையே அவரும் சொன்னால், சட்டி தயாளினியின் மடியில் இருக்கிறது. கமலாவதி நிமிரலாம், வெளியே வரலாம், அந்தப் பிள்ளை அவளைக் காணலாம். முடிவு அ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்தையும் நான் சகித்துக்கொள்கிறேன்.

வேறு இடத்தைச் சொன்னால், உடனே எனக்கு அறிவிக்கத் தேவையில்லை. இருந்து கதையுங்கள். ஏன் அங்கே வைத்தாய் என்று கேளுங்கள். பதில் நீளமாக இருந்தால் நீளமாகக் கேளுங்கள்.

ஆனால் கனக்க நேரம் எடுக்கவேண்டாம். நீங்கள் வரும்வரை கமலாவதி குனிந்தபடிதான் நிற்கிறாள். ரக்டர் நிற்கிறது. பிள்ளை கை அசைத்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது.

கெதியாகப் போய்க் கேளுங்கள்.